பதின்மூன்று நாள் பின்னால்

“இருபது,” என்று சொல்லிவிட்டு இலிங்கா அந்தத் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

முப்பதுக்கு இருபது. இருபத்தைந்துக்குக் கீழே போனால் மறதி நோய் தொடங்கிவிட்டது என்று எழுதியாக வேண்டும், அதுதான் எங்கள் ஆய்வின் விதி. அப்படி எழுதினால் சாவா மாமா இன்று பகல் ஒன்றரை மணிக் கப்பலில் ஊர் திரும்ப மாட்டார். இனி என்றைக்குமே திரும்ப மாட்டார்.

அவருடைய ஒரே மகள் பெலகேயா இத்தாலியில், தோரினோவில், யார் வீட்டுக் கிழவர்களையோ குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலையில் இருக்கிறாள். சொந்த அப்பா இங்கே ருமேனியாவில், டான்யூப் ஆற்றின் கழிமுகத்தில், படகில்லாமல் பக்கத்து வீட்டுக்குக்கூடப் போக முடியாத ஓர் ஊரில், தனியாகக் கிடக்கிறார். போன ஜூலையில் ஒருநாள் அவரைக் காணவில்லை. மறுநாள் காலை நாணல் காட்டுக்குள் படகில் உட்கார்ந்திருந்தவரை மீன்பிடிக்காரர்கள் இழுத்து வந்தார்கள். எஞ்சின் நின்றுவிட்டது என்றார். எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது என்று இழுத்து வந்தவர்கள் பெலகேயாவிடம் சொல்லிவிட்டார்கள். அப்பாவும் மகளும் தொலைபேசியில் மூன்று வாரம் சண்டை போட்டு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஆய்வு மையத்தில் சோதித்துப் பார்ப்பது. மூளை நன்றாக இருந்தால் அவர் தன் வீட்டில் தன் படகோடு இருந்துகொள்ளலாம். இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு தோரினோவுக்குப் போய்விட வேண்டும். எழுபத்து மூன்று வயதில், நாலாவது மாடியில், தண்ணீர் கண்ணில் படாத ஓர் ஊரில். அதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது.

நானும் அந்த ஊர்க்காரிதான். லிப்போவன் குடும்பம், பழைய கிறிஸ்தவ முறையை விடாமல் முன்னூறு வருடத்துக்கு முன்பு ரஷ்யாவிலிருந்து ஓடிவந்தவர்களின் வம்சம். என் அப்பாவும் சாவா மாமாவும் இருபது வருடம் ஒரே படகில் வலை போட்டவர்கள். அதனால்தான், அந்த மையத்தில் மனநல ஆய்வாளராக இருந்தும், அவரைச் சோதிக்க என்னை விடவில்லை. சொந்த ஊர்க்காரர்களை மனநல ஆய்வாளர் சோதிக்கக் கூடாது என்று ஒரு விதி. மனிதர்களைத் தெரிந்தவர்கள் கை வைக்கக் கூடாது, தெரியாதவர்கள்தான் வைக்க வேண்டும். என்ன அழகான விதி! க்ளுஜ் நகரத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு முன்பு வந்த இளம் மருத்துவர் இலிங்காதான் காலை பத்து மணிக்கு அவரை உள்ளே அழைத்துப் போனாள். நான் வெளியே நடைவழியில் ஒன்றரை மணி நேரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

“குடு அதை,” என்றேன்.

“வார்வரா, நீங்க பாக்கக்கூடாதுன்னு…”

“குடுன்னா குடு.”

கொடுத்துவிட்டாள். என் கோபம் அந்த மையத்தில் பேர்போனது.

முதல் கேள்வியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இன்று என்ன தேதி? பதில்: ஆறு. இலிங்கா போட்டிருந்தது: சுழியம். என்ன மாதம்? ஆகஸ்ட். சுழியம். என்ன வருடம்? ஏழாயிரத்து ஐந்நூற்று முப்பத்து மூன்று. சுழியம், பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி வேறு. என்ன பருவம்? கோடை. சுழியம். அறைச் சுவரில் செப்டம்பர் ஒன்று என்று நாள்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. இலையுதிர் காலத்தின் முதல் நாள்.

“இந்த ஆச்சரியக்குறி எதுக்கு?” என்றேன்.

“ஏழாயிரத்து ஐந்நூறுன்னு சொன்னா ஆச்சரியப்படாம என்ன பண்றது? ரொம்ப நிதானமா சொன்னார் வேற. எனக்கே பாவமா இருந்துச்சு.”

“பாவம் அவரில்ல, நீதான். எந்த ஊருக்கு வேலைக்கு வந்திருக்கோம்னு தெரியாம வந்து நிக்கிற பாரு, நீ பாவம்.” எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. “நாங்க உலகம் படைச்சதுலருந்து வருஷம் எண்ணுறவங்க. எங்க கோயில்ல இது ஏழாயிரத்து ஐந்நூத்து முப்பத்து மூணுதான். தேதியும் உங்க தேதி கிடையாது. உங்க ஆளுங்க நாள்காட்டியை மாத்தினப்போ நாங்க மாத்தல. பதிமூணு நாள் பின்னாலதான் போவோம். அவர் அந்தக் கோயில்ல நாப்பது வருஷமா தலைமைப் பாடகர். அவர்கிட்ட போய்த் தேதி கேட்டா உன் செல்போன் காட்டுற தேதியா சொல்வாரு?”

இலிங்காவின் முகம் சிவந்துபோனது. “யாரும் எனக்குச் சொல்லலையே.”

“கேட்டியா?”

இப்போது நினைத்தால் அந்தப் பெண்ணிடம் அவ்வளவு கடுமையாகப் பேசியிருக்க வேண்டாம். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது, அதை ஒளிப்பானேன்! எங்கள் ஆட்கள் முன்னூறு வருடமாக இப்படித்தான் தோற்றிருக்கிறார்கள். எவனோ ஒருவன் ஒரு தாளோடு வந்து அவன் கணக்குப்படி ஒரு கேள்வி கேட்பான், எங்கள் கணக்குப்படி பதில் சொன்னால் பைத்தியக்காரன் என்று எழுதிக்கொள்வான். இந்த முறை தாள் என் கையில் இருந்தது.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். ‘உங்களுக்குத் தோன்றும் ஒரு வாக்கியத்தை எழுதுங்கள்.’ சாவா மாமா எங்கள் கோயிலில் ஓதும் பழைய ஸ்லாவோனிய எழுத்தில், அச்சடித்தது மாதிரி, வேதாகமச் சங்கீத வரி ஒன்றை எழுதியிருந்தார். அதற்கும் சுழியம். படிக்க முடியவில்லையாம்.

“நட,” என்றேன். “பேராசிரியர்கிட்ட போவோம்.”

பேராசிரியர் கொஸ்தின் நல்ல மனிதர்தான், தன் ஆய்வு நன்றாக நடக்கும்வரை. எங்கள் கோயில் பாடகர்களைக் கண்டுபிடித்ததே அவர்தான். நாங்கள் இன்றும் கொக்கி கொக்கியாக எழுதிய பழைய சுரங்களைப் பார்த்துப் பாடுகிறோம், அதைச் சின்ன வயதில் கற்றவர்களுக்கு மூளை தேயாமல் இருக்கிறதா என்பதுதான் அவர் கேள்வி. மருத்துவர்களும் மனநலக்காரர்களும் போதாதென்று பழைய பாட்டு ஆராய்கிற ரெமுஸ் என்பவரையும் சேர்த்துக்கொண்டார். ரெமுஸ் ஊர் ஊராகப் போய்ப் பாட்டைப் பதிவு செய்வார், நாங்கள் பாடியவர்களின் தலையைச் சோதிப்போம். பாடகர்களிலெல்லாம் சிறந்தவர் சாவா மாமா. அவருக்கு நோய் என்று வந்தால் பேராசிரியருக்கும் வலிக்கும். அது எனக்கு வசதியாகப் போயிற்று.

அறைக்குள் போனபோது பதினொன்றே முக்கால். ரெமுஸும் அங்கேயே இருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தேதிக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று, பருவத்துக்கு ஒன்று, வாக்கியத்துக்கு ஒன்று. ஐந்து மதிப்பெண். இருபதும் ஐந்தும் இருபத்தைந்து.

“சரியா எல்லைக் கோட்டுல வந்து நிக்குது,” என்றார் பேராசிரியர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே.

“கோட்டுக்குக் கீழ இல்லல்ல? அவ்வளவுதானே வேணும்.”

“இலிங்கா, நீ என்ன சொல்ற?”

இலிங்கா மெதுவாக ஆரம்பித்தாள். “நாள்காட்டி விஷயத்துல வார்வரா சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆனா அந்த மூணு வார்த்தை…”

மூன்று வார்த்தைகளைச் சொல்லி, ஐந்து நிமிடம் வேறு ஏதாவது பேசிவிட்டு, அவற்றைத் திரும்பக் கேட்பது தேர்வில் ஒரு பகுதி. குதிரை, நாற்காலி, பச்சை. சாவா மாமா ஒன்றைக்கூடத் திருப்பிச் சொல்லவில்லை.

“ஒண்ணுகூட வரலைங்கிறது மட்டும் இல்ல,” என்றாள் இலிங்கா. “நீ எனக்கு வார்த்தையே சொல்லலையேம்மான்னார்.”

“ருமேனிய மொழியில சொன்னா எப்படி நிக்கும்?” என்று நான் பாய்ந்தேன். “வீட்டுல ரஷ்யன் பேசுற மனுஷன். உனக்கு மூணு துருக்கி வார்த்தை சொல்லி அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேக்கட்டா?”

“அவர் ருமேனியன் நல்லாப் பேசுறாரே. என்னைக் கிண்டல்கூடப் பண்ணினார்.”

“கிண்டல் பண்றவருக்கு மூளை கலங்கிப் போச்சுன்னு சொல்ல வர்றியா?”

பேராசிரியர் கையை உயர்த்தினார். நான் விடவில்லை. “ரெமுஸ், நீங்க ஊர்ல எடுத்த பதிவைப் போடுங்க. இவங்க கேக்கட்டும்.”

ரெமுஸ் மடிக்கணினியைத் திருப்பி வைத்தார். கோயிலின் இரைச்சல், யாரோ இருமுவது, பிறகு சாவா மாமாவின் குரல். மற்ற ஆண்கள் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள். இரண்டரை மணி நேர வழிபாடு. நாங்கள் பத்து நிமிடம் கேட்டோம். ஓரிடத்தில் பின்னால் பாடிய ஒருவர் தடம் மாறினார். சாவா மாமா பாட்டை நிறுத்தாமலே குரலைச் சற்றுத் தூக்கி அவரை இழுத்துக்கொண்டு வந்து வரியில் நிறுத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கோயிலுக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது.

“இது எடுத்து ரெண்டு வாரம்கூட ஆகல,” என்றார் ரெமுஸ். “பாடி முடிச்சிட்டு என்னைத் திட்டினார். நீ கருவியை வச்ச எடம் சரியில்லன்னு.”

“இந்த மனுஷனைத்தான் மறதி நோய்னு எழுதப் போறீங்க,” என்றேன்.

பேராசிரியர் தாளை என் பக்கம் தள்ளினார். “வார்வரா, எனக்கு ஒண்ணு சொல்லு. பாட்டு கடைசியாத்தான் போகும். அது உனக்கும் தெரியும். உள்ள வீடே இடிஞ்சிருந்தாலும் முன்வாசல் அப்படியே நிக்கும். அது இல்லைன்னு நீ சொல்றியா?”

“தெரியும். அதனாலதான் மதிப்பெண்ணைச் சரியாப் போடச் சொல்றேன். பாட்டுக்காகப் போடச் சொல்லல.”

“அப்போ நீயே எழுதிக் கையெழுத்துப் போடு. அந்தச் சமூகத்து ஆள், நாள்காட்டி தெரிஞ்ச ஆள், நீதான். உன் பேர்லதான் இது நிக்கும்.”

நான் எழுதினேன். பேனா காகிதத்தைக் கிழிக்காத குறை. பதில்கள் பழைய நாள்காட்டியின்படி சரியானவை. மொத்தம் இருபத்தைந்து. பெயர், தேதி, கையெழுத்து. இலிங்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு வெற்றியாகத் தெரிந்தது.

நடைவழியில் வைத்தே பெலகேயாவைக் கூப்பிட்டேன். முதல் மணி அடித்ததுமே எடுத்துவிட்டாள். யாரோ ஒரு கிழவி பின்னால் இத்தாலிய மொழியில் புலம்புவது கேட்டது.

“சொல்லு வார்யா. நேராச் சொல்லிடு.”

“நல்லாயிருக்கார். பாஸ்.”

அவள் அழுதாள். சந்தோஷமா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. “நாளைக்கு வர டிக்கெட் எடுத்திருந்தேன்டி. லீவு சொல்லிட்டேன். அவருக்கு அறைகூடத் தயார் பண்ணிட்டேன், திரைச்சீலை மாத்தினேன்… நிசமாவே நல்லாயிருக்காரா? ஜூலையில அந்த நாணல்ல…”

“எஞ்சின் நின்னிருக்கும்.”

“நாங்க பேசுறப்ப ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொல்றார் வார்யா.”

“எங்கப்பா பத்து தடவை சொல்வாரு.”

“நீ சத்தியமாச் சொல்றியா? நான் இங்கருந்து ஒண்ணும் பாக்க முடியாது. உன் கண்ணாலதான் பாக்கறேன்.”

“சத்தியமா,” என்றேன்.

அவள் டிக்கெட்டை ரத்து செய்வதாகச் சொன்னாள்.

படித்துறை மையத்திலிருந்து பத்து நிமிட நடை. சாவா மாமா தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு, தாடியைக் கோதிவிட்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் போல என் பக்கத்தில் நடந்தார். செய்தி கேட்டதும் அவர் பெரிதாக ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். ஆனால் படி இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டவர், தெருவுக்கு வந்த பிறகும் விடவில்லை.

“அந்தப் பொண்ணு என்னை என்ன கேட்டா தெரியுமா? நாம எந்த நாட்டுல இருக்கோம்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வழி தவறி வந்துட்டியாம்மா, யாருக்காவது போன் பண்ணவான்னு கேட்டேன்.”

நான் தெருவில் நின்று சிரித்தேன். அவரும் சிரித்தார். வெயில் இதமாக இருந்தது. ஆற்றிலிருந்து டீசல் வாடையும் பாசி வாடையும் கலந்து வந்தன. அந்த நிமிடம் என்னைப்போல மகிழ்ச்சியான பெண் அந்த நகரத்தில் இருந்திருக்க மாட்டாள்.

“ஆனா ஒரு வருத்தம் வார்யா,” என்றார். “பெலகேயாவுக்கு நாள் பாக்கத் தெரியல. இன்னிக்குன்னு பாத்தா என்னை இங்க வரச் சொல்லுவா?”

“ஏன், இன்னிக்கு என்ன?”

“நீ கோயில் பக்கம் வந்தாத்தானே தெரியும்.” அவர் செல்லமாகத்தான் சொன்னார்.

படித்துறை வாசலில் ஒருத்தி பெட்டி பெட்டியாக ஆப்பிள் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். நாலு மணி நேரப் பயணமாயிற்றே என்று ஒரு பை வாங்கி அவரிடம் கொடுத்தேன். மணி ஒன்று பத்து. கப்பல் எஞ்சினைப் போட்டுவிட்டார்கள். ஆட்கள் மூட்டைகளோடும் எரிவாயு உருளைகளோடும் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

சாவா மாமா பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்தார். தொப்பியைக் கழற்றினார். இரண்டு விரலால் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கடி கடித்து, கண்ணை மூடி மென்றார்.

“இந்த வருஷத்துல மொத ஆப்பிள்,” என்றார். “நேத்துவரைக்கும் தொடல. இன்னிக்குத் திருநாளாச்சே, இனிமே தின்னலாம்.”

“என்ன திருநாள்?”

“ஆப்பிள் திருநாள்டி. ஆகஸ்ட் ஆறு. அடக் கடவுளே, இதுகூடவா மறந்துபோச்சு உனக்கு? நாப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் காலைப் பூசைக்கு நான் இல்ல. என்ன பாடினாங்களோ, எப்படித் தடுமாறினாங்களோ! சாயங்காலப் பாட்டுக்காவது போய்ச் சேர்ந்துடணும்.”

நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் ஆறு. ஆப்பிள் திருநாள். எங்கள் ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரிந்த நாள். அந்த நாளுக்கு முன்பு ஆப்பிளைத் தொட்டால் அம்மா கையில் ஒன்று போடுவாள். எனக்கும் தெரியும். காலையில் அந்தத் தாளில் ‘ஆறு’ என்று பார்த்தபோதும் தெரிந்துதான் இருந்தது, தலையின் எங்கோ ஒரு மூலையில். ஆனால் கோபம் வந்த பிறகு நான் எதையும் எண்ணிப் பார்க்கவில்லை. பதின்மூன்று நாள், பதின்மூன்று நாள் என்று எல்லார் முகத்திலும் வீசினேனே தவிர, ஒரே ஒரு முறை கழித்துப் பார்க்கவில்லை. அந்தச் சமூகத்து ஆள் நானே சொன்னதால் மற்றவர்களும் பார்க்கவில்லை.

இப்போது கழித்தேன். செப்டம்பர் ஒன்றிலிருந்து பதின்மூன்று போனால் ஆகஸ்ட் பத்தொன்பது. ஆறு இல்லை. ஆறாம் தேதி வந்து போய்ப் பதின்மூன்று நாள் ஆகிவிட்டது.

அந்தத் திருநாளன்று ஊருக்குப் போய்த்தான் ரெமுஸ் பதிவு எடுத்தார்.

“மாமா,” என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. “இன்னிக்கு ஆறுன்னு எப்படிப் பாத்தீங்க?”

“எப்படிப் பாப்பாங்க? இதுலதான்.” சட்டைப் பையிலிருந்து கோயிலில் கொடுக்கும் சின்ன நாள்காட்டியை எடுத்தார். போன நாள்களையெல்லாம் பென்சிலால் வரிசையாக அடித்திருந்தார். கடைசியாக அடித்தது பதினெட்டு. அவர் விரல் அடுத்த கட்டத்தில் வந்து நின்றது. “பாரு, பத்தொம்பது. அதுல பதிமூணு போனா ஆறு.”

அது எங்கள் நாள்காட்டி. அதிலேயே பதின்மூன்று கழித்துத்தான் அச்சடித்திருக்கிறார்கள். கடைத்தெருவில், கப்பல் நேரப் பலகையில், அரசாங்கத் தாளில் எங்கே தேதியைப் பார்த்தாலும் மனதுக்குள் பதின்மூன்றைக் கழிப்பது எங்கள் ஆட்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. கழித்தாயிற்றா இல்லையா என்பதை வைத்துக்கொள்ள ஓர் இடம் தலையில் இருக்க வேண்டும். அந்த இடம் அவரிடம் போய்விட்டது. அவர் இரண்டு முறை கழித்திருந்தார்.

அதே பக்கத்தில், அவர் விரலுக்குச் சற்று மேலே, சிவப்பு மையில் அச்சிட்ட ஆறாம் தேதி இருந்தது. அதன் குறுக்கேயும் அவருடைய பென்சில் கோடு ஓடியிருந்தது.

கப்பல் முதல் ஊதல் ஊதியது.

நான் அப்போது நினைத்ததையெல்லாம் சொல்லிவிடுகிறேன், நல்லவள் வேடம் போட எனக்கு விருப்பமில்லை. இருபத்தைந்து இருபத்து நாலாகும், ஒரே ஒரு மதிப்பெண்தானே என்று நினைத்தேன். தேதி யாருக்குத்தான் தவறாது என்று நினைத்தேன். மாதம் சரி, வருடம் சரி, பருவம் சரி, வாக்கியம் சரி. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கழித்தலைச் செய்து பார்க்கிற ஆள் அந்த மையத்தில் வேறு யாரும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டால் இது என்றைக்கும் வெளியே வராது. அவர் போவார், அவர் வீட்டில் இருப்பார், அவர் படகில் போவார். அந்த நாணலுக்குள். குளிர்காலத்தில், தண்ணீர் உறைகிற நேரத்தில், எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எந்தப் பக்கம் வீடு என்று தெரியாமல்.

உன் கண்ணாலதான் பாக்கறேன் என்று பெலகேயா சொன்னது காதில் விழுந்துகொண்டே இருந்தது. நான் செய்த சத்தியமும்.

“என்ன புள்ள, மொகம் செத்துப் போச்சு?” சாவா மாமா ஆப்பிளைக் கடிப்பதை நிறுத்திவிட்டார்.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா இப்படி நிக்கிற? சொல்லு. அந்தப் பொண்ணு என்ன சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். அதுக்கு என்ன தெரியும்? நீ சொல்லு.”

இரண்டாவது ஊதல். கப்பல்காரன் கையை ஆட்டி ஏறச் சொன்னான். மாமா அவனைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். அவர் கண்ணில் பயம் இருந்தது. இன்று வந்த பயம் இல்லை அது. பல மாதமாக ஒளித்து வைத்திருந்த பயம். என் முழங்கையை அவர் விடாமல் பிடித்துக்கொண்டு வந்தது எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“மாமா, இது நம்ம நாள்காட்டி,” என்றேன். “இதுல கழிக்கக் கூடாது. இன்னிக்குப் பத்தொம்பது.”

அவர் குனிந்து பார்த்தார். உதடு அசைய விரல் விட்டு எண்ணினார். ஒருமுறை எண்ணி முடித்து, நம்பாமல் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு அந்த விரல் மெதுவாக மேலே நகர்ந்து சிவப்பு எழுத்தில் நின்றது. தன் பென்சில் கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தார்.

“போயிடுச்சா?”

“போயிடுச்சு மாமா. பதிமூணு நாள் ஆச்சு.”

“அப்ப அன்னிக்கு யாரு பாடினா?”

“நீங்கதான் மாமா. நீங்கதான் பாடினீங்க. ரெண்டரை மணி நேரம். இன்னிக்குக் காலைலகூட நாங்க பதிவைப் போட்டுக் கேட்டோம்.”

கப்பல்காரன் எங்களைப் பார்த்து ஏதோ கத்தினான். மாமா கையிலிருந்த ஆப்பிளை என்ன செய்வதென்று தெரியாதவர் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாப் பாடினேனா?”

“ரொம்ப நல்லாப் பாடினீங்க.”

“ம்,” என்றார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு படித்துறை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். “அப்ப கப்பல் போகட்டும்.”

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பெலகேயாவின் எண்ணை அழுத்தினேன்.